ஒபதியா லாரபீ, ஜூனியர்

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் துறைக்கு இறங்கும் பாதையில் சங்கிலி கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் புது இரும்புக் கம்பங்கள். நடுவில் ஒரு பலகை. தனியார் நிலம் என்று எழுதியிருந்தது.

டாரல் வண்டியை நிறுத்தினான். பின்னால் படகும் கூடைகளும் மட்டி தோண்டும் கொத்துமுட்களும் இருந்தன. கீழே வற்ற நேரம், கடல் பாதி இறங்கியிருந்தது. சேற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன.

"மெர்ட்டன் க்விண்ட்," என்றார் வெர்ன். துறைக்கு மேலே கரை நிலம் மெர்ட்டனுடையது.

வெர்ன் லாரபீ என் மாமனார். அறுபத்துமூன்று வயது. ஐம்பது வருஷமாக இந்தத் துறையில் இறங்கி மட்டி தோண்டுகிறவர். டாரல் அவர் மகன். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"அறுத்துடவா?" என்றான் டாரல். "பின்னாடி கட்டர் இருக்கு."

"அறுத்தா அவனுக்குத்தான் நல்லது. ஷெரீஃப கூப்பிடுவான். வண்டியத் திருப்பு."

கில்பர்ன் ஊரில் இந்தத் துறை தவிர இன்னொன்று இருக்கிறது. ஒன்பது மைல் சுற்று. அங்கே படகை இறக்கி, முனையைச் சுற்றித் துடுப்புப் போட்டு இந்தத் திட்டுக்கு வந்து சேர்வதற்குள் நீர் திரும்பிப் பெருக்கு தொடங்கிவிடும். ஒரு வற்றத்தில் தோண்டக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதில் இரண்டு மணி வழியிலேயே போனால் அது தொழில் இல்லை. துறை போனால் லாரபீ வீட்டில் மட்டித் தொழில் போயிற்று என்று மூன்று பேருக்கும் தெரியும். டாரல் வண்டியைத் திருப்பினான்.

வெர்னின் மனைவி தெல்மா சமையலறையில் மட்டி உடைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் எடுத்தது. கத்தியை ஓட்டின் விளிம்பில் நுழைத்து ஒரு திருப்பு, சதை கிண்ணத்தில், ஓடு வாளியில். நாங்கள் காலிக் கூடையோடு நுழைந்ததைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"சங்கிலியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தபால் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. கரைய பாஸ்டன் டாக்டருக்கு விக்கறானாம். துறையில எவனும் வந்து போகக் கூடாதுன்னு டாக்டர் கேட்டிருக்கார்."

வெர்ன் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதில் ஒரு பத்திரத்தின் நகல் இருந்தது. 1740 ஏப்ரலில் கில்பர்ன் ஊர், கரை நிலத்தை மெர்ட்டனின் முன்னோர் நத்தானியேல் க்விண்டுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். வெர்னுக்கு அதில் ஒரு வரி மனப்பாடம். கண்ணாடி போடாமலே சொன்னார்.

"துறையோரம் இப்போது குடியிருக்கிறவர்களும் அவர்தம் வாரிசுகளும் துறையைப் பயன்படுத்தும் உரிமை நீங்கலாக. இதுக்கு மேல என்ன வேணும்? குடியிருந்தவர் ஒபதியா. வாரிசு நான்."

"அத எழுதிக் காட்டணும்," என்றார் தெல்மா. "தலைமுறை தலைமுறையா. மெர்ட்டன் சும்மா விட மாட்டான்."

"எங்கப்பா எழுதி வச்சிருக்கார்."

"பைபிள் அட்டையில. பென்சில்ல."

"பென்சில்னா பொய்யா?"

"கால்வின் போய்ப் பாக்கட்டும். அவனுக்குப் பழைய எழுத்து படிக்க வரும்."

கால்வின் என்றது என்னை. வெர்ன் என் பக்கம் பார்க்கவில்லை. "இது குடும்ப விஷயம்."

"அவன் யாரு?"

"வெளியூர்க்காரன்."

நான் பிறந்தது கடற்கரையிலிருந்து நூற்றுப்பத்து மைல் உள்ளே, ஒரு ஆலை ஊரில். கில்பர்னில் ஆறு வருஷம் இருந்திருக்கிறேன். அது கணக்கில்லை. தபால்காரரின் அம்மா இரண்டு மாதக் குழந்தையாக இந்த ஊருக்கு வந்தவர். எண்பத்தெட்டு வயதில் இறந்தபோது, வெளியூர்க்காரியாக இருந்தாலும் நல்ல மனுஷி என்று போதகர் பேசினார்.

என் மனைவி ஆட்ரா உயிரோடிருந்தவரை வெர்ன் என்னை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. இப்போது வாத்தியார் என்கிறார். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நான் வகுப்பில் இருந்தபோது வந்து சொன்னார்கள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அவளுக்கு முப்பது வயது. அதன் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. அவளும் நானும் இருந்த மாடி அறையிலேயே இருந்தேன். ஜனவரியில் டாரல் கதவைத் தட்டி ஒரு கொத்துமுள்ளைக் கையில் கொடுத்தான். மறுநாளிலிருந்து தோண்டுகிறேன்.

"சரி, பாக்கட்டும்," என்றார் வெர்ன், தெல்மாவிடம். "ஆனா இது முடிஞ்சதும் மாடிய காலி பண்ணச் சொல்லு. டாரலுக்குக் கல்யாணம் ஆகணும்ல."

"யாரோட?" என்றார் தெல்மா.

"ஆமா, யாரோட?" என்றான் டாரல்.

வெர்ன் பிஸ்கட் டப்பாவை மூடினார்.

ஊர்க்குழுவில் மூன்று பேர். விசாரணையை இருபத்தெட்டாம் தேதிக்கு வைத்தார்கள். அதுவரைக்கும் நடந்து போகலாம், வண்டி போகக் கூடாது என்றார்கள். சங்கிலியைத் தாண்டிக் கூடைகளைக் கீழே கொண்டுபோனோம். நிறைந்த பிறகு பனியில் சரக்கு இழுக்கும் பலகையில் வைத்து, கயிற்றைத் தோளில் போட்டு மேட்டில் இழுத்தோம். பாதையில் பனி உருகிக் கொண்டிருந்தது. அரை மைல். டாரல் வழி முழுக்க மெர்ட்டனைத் திட்டுவான். வெர்ன் மூச்சை அதில் வீணாக்க மாட்டார்.

ஊர் அலுவலகத்தின் பின்னால் இரும்புக் கதவு போட்ட அறையில் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. சாவி மெர்ட்டனிடம். அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு இருபது வருஷமாகத் தலைவர். எழுபது வயதிலும் டை கட்டாமல் வெளியே வரமாட்டார். நான் போனபோது மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"மாமனார் அனுப்பினாரா?"

"தெல்மா."

"அதானே. வெர்னுக்குப் படிக்கணும்னு தோணாதே. உக்காருங்க. எது வேணும்? பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம். எல்லாம் நானே எடுத்துத் தரேன்."

எடுத்துத் தந்தார். மூன்று நாள் பார்த்தேன். வெர்னிலிருந்து மேலே போவது சுலபமாக இருந்தது. தந்தை, தந்தையின் தந்தை என்று ஏழு படி ஏறி 1740களில் ஒபதியா லாரபீ, ஜூனியர் என்ற பெயரில் போய் நின்றது. பைபிள் அட்டையில் வெர்னின் அப்பா எழுதியதும் அதுதான். அதற்கு மேல் ஒரு படி: ஒபதியா லாரபீ. 1727இல் முதலில் வந்து குடியேறிய பத்துப் பேரில் ஒருவர். துறையோரம் கல் வீடு கட்டினவர்.

மூன்றாம் நாள் மெர்ட்டன் ஒரு புகைப்படத்தை என் முன்னால் வைத்தார். சின்னக் கல்லறைக் கல்.

"பெரிய ஒபதியா கல்லறைக்குப் பின்னாடி, மேப்பிள் மரத்து வேருக்குள்ள இருக்கு. பாசி மூடியிருந்தது. போன வருஷம் நான்தான் துலக்கினேன். படிங்க."

ஒபதியா. ஒபதியா, மெர்ஸி ஆகியோரின் ஒரே மகன். 1731. வயது ஒன்பது.

"ஒம்பது வயசுல செத்த பையன் எப்படி நாலு பிள்ளை பெத்தான்னு வெர்ன்கிட்ட கேளுங்க."

"ஏட்டுல ஜூனியர்னு இருக்கே."

"நீங்க காலேஜ்ல சரித்திரம் படிச்சவர். அந்தக் காலத்துல ஜூனியர்னா மகனா?"

எனக்குத் தெரியும். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவனை சீனியர் என்றும் இளையவனை ஜூனியர் என்றும் எழுதுவார்கள். ஆள் மாறாமல் இருக்க. உறவு இருக்க வேண்டியதில்லை. மூத்தவன் செத்தால் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவான். லாரபீ என்ற பெயர் அப்போது கரை நெடுகிலும் இருந்தது. படித்தது நினைவுக்கு வந்தது. மூன்று நாளாக அது என் நினைவுக்கு வரவில்லை என்பதும்.

"1936ல வெர்னோட அப்பா பெரிய ஒபதியா கல்லறையில கிரானைட் கல் நட்டார்," என்றார் மெர்ட்டன். "எங்கள் குலத்தின் தந்தைன்னு செதுக்கினார். ஊரே தொப்பியக் கழட்டிக்கிட்டு நின்னது. நானும் நின்னேன். அன்னையிலேருந்து வெர்ன் அங்க புல்லு வெட்டறான். நாப்பத்தேழு வருஷம். யார் வீட்டுக் கிழவருக்கோ."

அவர் சிரிக்கவில்லை. புகைப்படத்தை உறைக்குள் போட்டார்.

"விசாரணையில இதத்தான் சொல்லப்போறேன். முன்னாடியே உங்ககிட்ட சொல்றது ஒரு மரியாதைக்கு."

"எந்த மரியாதை?"

"உங்களுக்கு அந்தக் குடும்பத்தோட இனிமே என்ன இருக்கு? நீங்க புரிஞ்சுப்பீங்க."

மறுநாள் காலை வற்றத்தில் சொன்னேன். மட்டி தோண்டுகிறவன் இடுப்பிலிருந்து இரண்டாக மடிந்துதான் நிற்க வேண்டும். முழங்கால் மடக்கக் கூடாது, மடக்கினால் சேறு விடாது. மட்டி மூச்சு விடும் துளை தெரியும். அதற்கு ஒரு சாண் முன்னால் முள்ளைக் குத்தி மண்ணைத் தன் பக்கம் புரட்ட வேண்டும். ஓடு உடையாமல் கையால் எடுக்க வேண்டும். அன்று ஆலங்கட்டி மாதிரி மழை. காற்று வடகிழக்கிலிருந்து வந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலையில் இருந்தோம். சொல்ல அது வசதியாக இருந்தது.

"பெரிய ஒபதியா நம்ம ஆள் இல்ல," என்றேன்.

வெர்ன் இரண்டு கொத்து கொத்தினார். "நம்மங்கற."

"உங்க ஆள் இல்ல."

கல்லைப் பற்றிச் சொன்னேன். ஜூனியர் பற்றிச் சொன்னேன். அவர் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மெர்ட்டன் சொன்னத நம்பிக்கிட்டு வந்திருக்க."

"நானும் போய்க் கல்லப் பாத்தேன்."

"பாசியத் தேய்க்கத் தெரிஞ்சவன் எத வேணாலும் தேய்ச்சு எடுப்பான். ஜூனியர்னா மகன். டாரலுக்கு என் பேர வச்சிருந்தா அவன் ஜூனியர். இதுக்குக் காலேஜ் வேணுமா?"

"நல்லவேளை வைக்கல," என்றான் டாரல்.

"நீ கூடைய நிரப்பு."

"நான் நிரப்பிட்டேன். உன்னோடதுதான் பாதி."

வெர்ன் நிமிர்ந்தார். வற்ற நேரத்தில் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு கல்லறை மேட்டுப் பக்கம் பார்த்தார். மழையில் மேடு தெரியவில்லை.

"எங்கப்பா அந்தக் கல்லுக்காக ரெண்டு குளிர்காலம் பனிக்கட்டி அறுக்கற வேலைக்குப் போனார்," என்றார். "ஒரு விரல் அதுலதான் போச்சு."

பிறகு என்னிடம் சொன்னார். "நான் எழுந்து நின்னு ஒபதியா வாரிசுன்னுதான் சொல்லப் போறேன். நீ கூட வந்து உக்காரு, இல்ல உக்காராதே. வாயத் தொறக்காத."

"தோத்துடுவீங்க."

"உனக்கு அதுல என்ன நஷ்டம், வாத்தியாரே?"

அடுத்த மூன்று நாள் காற்று அடங்கவில்லை. யாரும் இறங்கவில்லை. நான் மறுபடி இரும்பறைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாடியில் உட்கார்ந்திருப்பதற்கு இது மேல். மெர்ட்டன் அன்று இல்லை. அலுவலகப் பெண் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்துவிட்டாள்.

கீழ்த் தட்டில் நாடா கட்டிய காகிதக் கட்டு ஒன்று இருந்தது. மேல் தாளில் ஏழைகள் என்று எழுதியிருந்தது. முடிச்சு பிரிக்கப்பட்டு நூறு வருஷம் ஆகியிருக்கும். முன்னோரைத் தேடி வருகிறவர்கள் யாரும் அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. மெர்ட்டனும் அவிழ்க்கவில்லை. க்விண்ட் வீட்டு ஆளை அவர் அங்கே தேட வேண்டிய அவசியம் இல்லை.

பெரும்பாலும் எச்சரிக்கைச் சீட்டுகள். அந்தக் காலத்தில் புதிதாக வந்தவன் ஒரு வருஷம் தங்கிவிட்டால், பிறகு அவன் நொடித்துப்போனால் சோறு போடும் பொறுப்பு ஊர் தலையில் விழும். வருஷம் முடிவதற்குள் ஊர்க் காவலர் அவன் வாசலில் நின்று, போ, என்று வாசித்துவிட்டால் பொறுப்பு இல்லை. அவன் போனானா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வாசித்ததற்குச் சீட்டு இருந்தால் போதும்.

பதினேழாவது சீட்டில் ஒபதியா லாரபீ, ஜூனியர் என்ற பெயர் இருந்தது. தேதி 1740 ஜூன். பத்திரம் எழுதி இரண்டு மாதம். அதை நகலெடுத்துக்கொண்டேன். 1743 வரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜூனியர் அதிலும் இருந்தான். ஒரு பசு, ஒரு பன்றி. 1746இலும் இருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் பீன்ஸ். கில்பர்னில் எல்லா வீட்டிலும் அன்று அதுதான். காலையிலிருந்து அடுப்பில் பீன்ஸ் விதைகள் பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் சேர்ந்து வேகும். கூடவே கறுப்பு ரொட்டி. தெல்மா பரிமாறி முடித்ததும் நகலை அவர் முன்னால் வைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எச்சரிக்கை முடியும்வரை வாசித்தார், சத்தமாக. குடிசை என்ற இடம் வந்ததும் வெர்ன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது எங்க இருந்தது?"

"ஏழைகள் கட்டுல," என்றேன்.

"அங்க எதுக்குத் தேடின?"

"மத்த எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"இல்ல. எங்க ஆளுங்க அங்கதான் கிடைப்பாங்கன்னு உனக்குத் தோணியிருக்கு."

"வெர்ன்," என்றார் தெல்மா. "இதுல துறையோரம்னு இருக்கு."

"ஊர விட்டுப் போன்னும் இருக்கு."

"இருக்கட்டுமே. பத்திரத்துல என்ன கேக்குது? அப்ப துறையோரம் யாரு குடியிருந்தான்னு கேக்குது. இவன்தான் இருந்திருக்கான். பெரிய ஒபதியா நமக்கு எதுக்கு?"

"வாசிச்சா துறை நமக்கு," என்றான் டாரல். "வாசிக்கலன்னா டாக்டருக்கு. இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?"

"உனக்கு ஒண்ணும் இருக்காது. நாப்பது வருஷமா ஊர்க்கூட்டத்துல நான் முன் வரிசையில உக்காரறேன். முதல் பத்துப் பேர் வாரிசுன்னு. அந்த ஹால்ல எழுந்து நின்னு, எங்க ஆள பிச்சைக்காரன்னு சொல்லித் தொரத்தினாங்கன்னு வாசிக்கணுமா?"

"பிச்சைக்காரன்னு எழுதல," என்றார் தெல்மா.

"எழுதித்தான் தெரியணுமா? எந்தக் கட்டுல இருந்ததுன்னு சொல்றானே."

"அப்ப நான் வாசிக்கறேன்."

"நீ லாரபீ இல்ல."

தெல்மா எழுந்தார். வெர்ன் தட்டில் பாதி பீன்ஸ் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா உன் மட்டிய உடைக்கறேன்," என்றார், திரும்பாமல். "அப்ப எல்லாம் யாரா இருந்தேன்னு எனக்குத் தெரியல."

வெர்ன் நகலை எடுத்து என் பக்கம் தள்ளினார். "ஆட்ரா இருந்திருந்தா இத அடுப்புல போட்டிருப்பா."

"இல்ல," என்றேன். "அவளே எழுந்து வாசிச்சிருப்பா."

அவள் போன பிறகு அவள் பெயர் வந்த பேச்சில் நான் பதில் சொன்னது அதுதான் முதல் முறை. வெர்ன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கோடாலிச் சத்தம் கேட்டது. விறகு நிறையவே இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் ஊர் ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். ஈரக் கம்பளி வாடை. சுவரோரம் காபிப் பாத்திரம். குழுத் தலைவி வில்மா ட்ரஃபோர்ட் நடுவில் உட்கார்ந்திருந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். வெர்ன் வழக்கம்போல முன் வரிசையில் உட்கார்ந்தார். நாங்கள் அவருக்குப் பக்கத்தில்.

வெர்ன் எழுந்து பத்திரத்தின் வரியைச் சொன்னார். முதல் பத்துப் பேரில் ஒருவரான ஒபதியாவின் வாரிசு நான் என்றார். உட்கார்ந்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மெர்ட்டன் கால் மணி நேரம் பேசினார். புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். ஜூனியர் என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். கிரானைட் கல்லைப் பற்றிச் சொன்னார். புல் வெட்டியதைப் பற்றியும். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.

"இருநூறு வருஷமா ஊர் இவங்களுக்கு முன் வரிசை குடுத்தது," என்றார் மெர்ட்டன். "தப்பு நம்மளோடதுதான். துறையாவது மிஞ்சட்டும்."

"வெர்ன்," என்றார் வில்மா. "வேற ஏதாவது வச்சிருக்கியா?"

வெர்ன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெல்மா என்னைப் பார்த்தார். நான் நகலோடும் வரிப் பட்டியலோடும் எழுந்தேன்.

"ஒரு நிமிஷம்," என்றார் மெர்ட்டன். "ஊர்க்காரங்க பேசற இடம் இது. இவர் யாருன்னு பேசறார்?"

"வோட்டர் லிஸ்ட்ல இருக்கார், மெர்ட்டன்."

"லிஸ்ட்ல இருக்கலாம். கட்டின பொண்ணு மண்ணுக்குள்ள போயாச்சு. இன்னும் இங்க இவருக்கு என்ன வேலைன்னு கேக்கறேன்."

தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வார்த்தையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

வெர்ன் எழுந்தார். "குடு," என்றார்.

நகலை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டில் அவர் அந்த நகலைப் படித்ததே இல்லை. பழைய வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வாசித்தார்.

"கில்பர்ன் ஊர்க் காவலருக்கு. சென்ற இலையுதிர் காலம் முதல் துறையோரம் குடிசையில் குடியிருக்கிற ஒபதியா லாரபீ, ஜூனியர், கடைசியாக வசித்தது... அவன் மனைவி பேஷன்ஸ், பிள்ளைகள் ஜோத்தாம், ஹல்தா, எலியாப், கைக்குழந்தை டார்க்கஸ் ஆகியோர் இந்த ஊருக்குச் சொந்தம் இல்லாதவர்கள். இவ்வூருக்குப் பாரமாகக் கூடியவர்கள். பதினான்கு நாளுக்குள் இவர்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று மாட்சிமை தங்கிய அரசர் பெயரால் எச்சரிப்பீராக."

பாரமாகக் கூடியவர்கள் என்ற இடத்தில் அவர் காது சிவந்தது. பின்னால் ஒருவன் இருமினான், சிரிப்பை மறைக்க. வெர்ன் நிறுத்தவில்லை. தாளின் அடிக்கு வந்தார்.

"மேற்கண்டவாறு அவர்கள் வாசலில் நின்று வாசித்தேன். 1740 ஜூன் ஒன்பது." அங்கே நின்றார். கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். "நத்தானியேல் க்விண்ட், காவலர்."

யாரும் இருமவில்லை. வில்மா கையை நீட்டினார். வெர்ன் நகலைக் கொடுத்தார். நான் வரிப் பட்டியலையும் வெர்னிலிருந்து ஜோத்தாம் வழியாக ஜூனியர்வரை போகும் ஏழு படியையும் கொடுத்தேன். மூன்று பேரும் பத்திரத்தை ஒரு பக்கமும் சீட்டை ஒரு பக்கமும் வைத்துத் தேதி பார்த்தார்கள்.

மெர்ட்டன் எழுந்திருந்தார். "அப்ப ஒத்துக்கற. நீங்க இந்த ஊரே இல்ல. போகச் சொல்லியிருக்காங்க."

"ஆமா," என்றார் வெர்ன். "உங்க ஆள்தான் வந்து சொல்லியிருக்கார். போகல."

வில்மா நிமிர்ந்தார். "மெர்ட்டன், இது உங்க நத்தானியேல் கையெழுத்தா?"

மெர்ட்டன் போய்ப் பார்த்தார். அவரைவிட அந்தக் கையெழுத்தை அதிகம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வெகு நேரம் பார்த்தார்.

"நகல்," என்றார்.

"மூலம் உங்க இரும்பறையில இருக்கு," என்றேன். "கீழ்த் தட்டுல."

"கையெழுத்தா, இல்லையா?" என்றார் வில்மா.

"அவரோடதுதான்."

"அப்ப துறையோரம் இவங்க இருந்தாங்கன்னு உங்க ஆளே எழுதிக் குடுத்திருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள சங்கிலிய எடுத்துடுங்க. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

கூட்டம் கலைந்தபோது யாரும் வெர்னிடம் வந்து கை கொடுக்கவில்லை. முன் வரிசைக்காரரைப் பார்ப்பதுபோல யாரும் பார்க்கவும் இல்லை. வாசலில் மெர்ட்டன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இருநூத்து நாப்பத்துமூணு வருஷமாப் புறம்போக்கு," என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

"நாலு பிள்ளைங்க பேரையும் தப்பில்லாம எழுதியிருக்கார் உங்க ஆள்," என்றார் வெர்ன். "நல்ல படிப்பாளி."

டாரல் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஹாலிலிருந்தே ஒருவன் வண்டியில் ஏறிச் சங்கிலியைக் கழற்றத் துறைக்குப் போய்விட்டான். வெர்ன் வண்டியை ஓட்டினார். தெல்மா நடுவில். சாலை சேறாகக் கிடந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாலத்தைத் தாண்டினோம்.

"அந்தச் சீட்டுல," என்றார் வெர்ன், சாலையைப் பார்த்துக்கொண்டு. "கடைசியாக வசித்ததுன்னு இருக்கு. அப்பறம் ஒண்ணும் இல்ல."

"அந்த இடத்துல தாள் கிழிஞ்சிருக்கு."

"எங்கேருந்து வந்தான்?"

"தெரியல. வேற ஊர்ப் புத்தகத்துல இருக்கலாம். அங்கேருந்தும் தொரத்தியிருந்தா அங்கயும் ஒரு சீட்டு இருக்கும்."

"எத்தன ஊர்?"

"கரையோரமா இருபது இருக்கும்."

"ஒவ்வொண்ணாவா?"

"ஒவ்வொண்ணாத்தான்."

தெல்மா மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார். வெர்ன் மேட்டில் கியர் மாற்றினார். வண்டி இழுக்க முடியாமல் இழுத்து ஏறியது.

"பெருக்கு நேரத்துல போய்ப் பாரு," என்றார். "வத்தத்துல ஆள் வேணும்."